குடைக்காரர் எட்டிப் பார்த்த அருவி

குடைக்காரரை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெயிலானாலும் மழையானாலும் அவர் கையில் ஒரு குடை இருக்கும். குடைக்குள் கத்தி இருக்கும், சுருட்டிய வரைபடம் இருக்கும், ஒரு புத்தகத்தில் புறாகூட இருந்தது. அவர் உட்கார்ந்து சாப்பிட்டதாக எந்த அத்தியாயத்திலும் வராது. அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்தது யார் என்று எந்த வாசகரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் எழுதிய மாத நாவல்களின் கதாநாயகர் அவர். புத்தகத்தில் அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் தென்காசி ரயிலடியில் புத்தகம் வாங்குகிறவர்கள் குடைக்காரர் வந்தாயிற்றா என்றுதான் கேட்பார்கள்.

ஆரம்பத்தில் அவர் நகைத் திருடர்களையும் கள்ள நோட்டு அடிப்பவர்களையும் பிடித்துக்கொண்டிருந்தார். யுத்தம் தொடங்கியதும் எல்லோருக்கும் வேலை மாறியதைப் போல அவருக்கும் மாறியது. ஒற்றராகிவிட்டார். எதிரி நாட்டு ஒற்றர்கள் எல்லோரும் ஏதோ ஒரு காரணத்தால் எங்கள் பக்கத்து மலைகளுக்கே வந்து சேர்ந்தார்கள்.

என் வீட்டுக்காரரின் கையெழுத்து அவருக்கே விளங்காது. கல்யாணமான மறுமாதத்திலிருந்து அவர் எழுதியதைத் திருத்தமாகப் பிரதி எடுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து முத்துமுத்தாக இருக்கும். வீடு குற்றாலத்தில், அச்சாபீஸ் தென்காசியில். காலையில் பஸ் கண்டக்டர் கையில் தாள்கள் போகும், சாயங்காலம் அதே பஸ்ஸில் புரூஃப் வரும். அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிறவர்கள் என் கையெழுத்தைத்தான் அவருடைய கையெழுத்து என்று நினைத்திருந்தார்கள். இப்படியே எட்டு வருஷம் ஓடியது. முதலில் வருஷத்துக்கு ஒன்றாக வந்த புத்தகம் கடைசிச் சில மாதங்களில்தான் மாதம் ஒன்றாயிற்று.

பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே ஊர் திரும்பிக்கொண்டிருந்த வருஷம், பதினான்காவது புத்தகம் பாதியில் இருந்தபோது, ஒரு நாள் காலையில் கிணற்றடிக்குப் பல் விளக்கப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். வலது கையும் வலது காலும் போயின. நாக்கும் இழுத்துக்கொண்டது. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வைத்தியர் சொன்னார். அது எனக்கும் தெரிந்தது, கண்ணைப் பார்த்தால் போதும். வாயில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. ‘போதும்’ என்பார். கஞ்சி வேண்டாம் என்பதற்கும் போதும், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதற்கும் போதும், ஜன்னலைச் சாத்து என்பதற்கும் போதும். இடது கையால் எழுதிப் பழகட்டும் என்று வைத்தியர் ஒரு சிலேட்டு வாங்கித் தரச் சொன்னார். நாலு நாள் கோணல் கோணலாக ‘அ’ போட்டார். ஐந்தாம் நாள் சிலேட்டைத் தூக்கி எறிந்தார். அது சுவரில் பட்டு இரண்டாக உடைந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இவர் விழுந்த நேரத்தில் குடைக்காரர் செங்கோட்டைக்கு மேற்கே, மலையைக் குடைந்து போட்ட ரயில் பாதைக்குள், பூட்டிய சரக்கு வண்டிப் பெட்டிக்குள் கிடந்தார். வெளியே எப்படி வருவார் என்று இவர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன். போதும் என்றார். பதினோரு நாள் அந்த மனுஷரை இருட்டுப் பெட்டிக்குள்ளேயே கிடக்கவிட்டேன். எனக்கு அவரைவிட அவசரமான வேலைகள் இருந்தன. ஒரு ஆளைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, வேட்டி மாற்றி, சோற்றைக் கரைத்து ஊட்டி முடிப்பதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடும். பன்னிரண்டாம் நாள், உலை கொதிக்கக் காத்திருந்த நேரத்தில், குடைக் கம்பி ஒன்றை ஒடித்துப் பூட்டைத் திறக்க வைத்து அவரை வெளியே கொண்டுவந்தேன். எழுதிய தாளைக் கண்டக்டரிடம் கொடுத்தேன். அச்சாபீஸில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

புத்தகம் முடிந்த பிறகு அச்சாபீஸ் முதலாளி நேரில் வந்தார். எங்கள் இருவரையும் விட மூத்தவர், ஆனாலும் மரியாதைக்கு என்னை மைனி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்; எங்கள் கல்யாணத்துக்கு வந்து விளக்கு ஒன்று கொடுத்தவர். கட்டிலில் கிடந்தவரின் விழுந்த கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மைனி, அடுத்த மாசம் புஸ்தகம் வந்துருமா?”

வரும் என்றேன். கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று முதலாளியும் நானும் சேர்ந்து வெளியே சொல்ல ஒரு கதை கட்டினோம். ஐயாவுக்குக் காலில் வாதம், வெளியே நடமாட முடியாது, அவர் படுத்தபடி சொல்லச் சொல்ல வீட்டம்மா எழுதுகிறாள் என்று. பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி அனுப்புவது என் பொறுப்பு. அவருக்கு மிஞ்சியிருந்தது புத்தக அட்டையில் இருந்த பெயர் ஒன்றுதான். அதையும் போக விடக்கூடாது என்றுதான் நான் நினைத்தேன். எனக்கென்று ஒன்றும் நினைக்கவில்லை, அப்போது.

இங்கே ஒரு தொழில் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மற்ற ஊரில் எப்படியோ, எங்கள் அச்சாபீஸில் அட்டைதான் முதலில் வரும், கதை பிறகு வரும். கலர் அட்டைகள் சிவகாசியில் அடித்து வரவேண்டும். யுத்தத்தில் மை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, முதலாளி ஒரு வருஷத்துக்கான அட்டைகளை மொத்தமாக அடித்து வாங்கி அடுக்கி வைத்துவிட்டார். படம் போடுகிறவர் தன் மனம்போல எதையாவது போடுவார். ஆகாய விமானம், பாம்பு, பல்லில் கத்தியைக் கடித்த தாடிக்காரன் என்று எது இருந்தாலும் அந்தப் படம் கதைக்குள் வந்தாக வேண்டும். என் வீட்டுக்காரர் அதற்குத் தகுந்தாற்போல் கதையை வளைப்பதில் கெட்டிக்காரர். பதினைந்து, பதினாறு, பதினேழு என்று மூன்று புத்தகங்களை நானும் எப்படியோ வளைத்துவிட்டேன்.

பதினெட்டாவது புத்தகத்துக்கான அட்டையைக் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு பெண் அருவியில் நனைந்துகொண்டு நிற்கிறாள். பக்கத்துப் பாறைக்குப் பின்னால் குடைக்காரர் குடையோடு மறைந்து நின்று எட்டிப் பார்க்கிறார். அருவியில் குளிக்கிற பெண்ணைப் பார்க்கப் போகிறவருக்குக் குடை எதற்கு என்று கட்டிலைப் பார்த்துக் கேட்டேன். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அது சாரல் காலம். வாரத்தில் ஒரு நாள், அவர் தூங்கும் நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியைக் காவல் வைத்துவிட்டுப் பேரருவிக்குப் போய் வருவேன். எனக்கு அந்த வாரத்தில் கிடைக்கும் ஓய்வு அந்த அரை மணி நேரம்தான். பெண்கள் துறையில் பாறையெல்லாம் மஞ்சள் தேய்த்துத் தேய்த்து மஞ்சளாகவே இருக்கும். தண்ணீர் விழுகிற வேகத்தில் கழுத்தில் கிடப்பதை அடித்துக்கொண்டு போய்விடும் என்று, கல்யாணமான பெண்கள் எல்லோரும் தாலிக்கொடியை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டுதான் அருவிக்குள் நுழைவோம். அதனால் உள்ளே யாரும் பேச முடியாது. ஏதாவது வேண்டுமென்றால் கண்ணாலும் கையாலும் கேட்போம். பக்கத்தில் நிற்பவள் யாரென்று தெரியாமலே கொஞ்சம் தள்ளி இடம் விடுவோம்.

அங்கே நின்றபோதுதான் கதை வந்தது. எதிரி நாட்டு ஒற்றர் ஒருத்தி, பட்டாளத்து அதிகாரியின் புதுப் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு குற்றாலத்தில் வந்து தங்கியிருக்கிறாள். குடைக்காரருக்குச் சந்தேகம், ஆனால் பிடி கிடைக்கவில்லை. பாறைக்குப் பின்னால் போகிறார், வெறும் தண்ணீர்தான் தெரிகிறது, வெட்கப்பட்டுத் திரும்பிவிடுகிறார். அட்டைக்குச் செய்யவேண்டியது அத்தோடு முடிந்தது. பிறகு துறையில் சீயக்காய்ப் பொடி விற்கிற ஒரு பெண்ணை உள்ளே அனுப்புகிறார். அவள் திரும்பி வந்து ஒரே ஒரு செய்தி சொல்கிறாள். அந்தப் புதுப் பெண்டாட்டி அருவிக்குள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், தாலியைக் கடிக்கவில்லை. அது போனால் போகட்டும் என்று நிற்கிறவள் எவனுக்கும் பெண்டாட்டி இல்லை. குடைக்காரருக்கு இது புரியவே ஒரு பக்கம் ஆகிறது. அந்த ஒரு பக்கத்தை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் பிரதி எடுத்த எதிலும், எழுதிய எதிலும் வராத சந்தோஷம். ஒரே காலையில் அந்த அத்தியாயத்தை முடித்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார். அன்றைக்குப் போதும் என்றுகூடச் சொல்லவில்லை.

புத்தகம் வந்து பத்து நாளில் தீர்ந்துவிட்டது. காகிதம் இல்லாததால் மறுபடி அடிக்க முடியவில்லை. ஒரே புத்தகம் பத்து வீடு சுற்றியது. அப்புறம் ஆரம்பித்தது வினை. வருஷாவருஷம் சாரலுக்கு வந்து தங்குகிற ஒரு பென்ஷன் குமாஸ்தா முதலில் கேட்டார். பெண்கள் துறைக்குள் நடப்பது இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? எழுதியிருப்பது உண்மைதானா என்று அவர் தன் வீட்டம்மாவைக் கேட்டிருக்கிறார். உண்மை என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறாள். அவர் சொல்லி இன்னும் பத்துப் பேர் தங்கள் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் உண்மை என்றே பதில் வந்திருக்கிறது. அப்படியானால் இந்த ஆள் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். அட்டையிலேயே ஒத்துக்கொண்டு படமும் போட்டிருக்கிறானே என்றார்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்ட அத்தனை ஆண்களில் ஒருவருக்காவது, இதைப் பெண் ஒருத்தி எழுதியிருக்கலாம் என்று தோன்றவில்லை. எனக்கு அதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவருக்குத்தான் நடக்க முடியாதே என்று யாரோ சொன்னதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது. கால் நன்றாக இருந்தபோது பார்த்திருப்பான், அந்தப் பாவம்தான் இப்போது காலில் இறங்கியிருக்கிறது. இந்தப் பேச்சு பஸ்ஸில் ஏறித் தென்காசிக்குப் போய்த் திரும்பி எங்கள் தெருவுக்கும் வந்தது. தினமும் வந்து அவருக்குத் தைலம் தேய்த்துவிடுகிற ஆள் வருவதை நிறுத்திக்கொண்டார். வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், நாலு பேர் பேசுவார்கள் என்று சொல்லியனுப்பினார். அதற்கப்புறம் தைலம் தேய்ப்பதும் என் வேலையாயிற்று. தேய்த்து முடித்து எழுத உட்கார்ந்தால் பேனா வழுக்கும்.

குமாஸ்தாவும் இன்னும் மூன்று பேரும் தென்காசிக்குப் போய் அச்சாபீஸில் உட்கார்ந்துகொண்டார்கள். எழுதியவர் தன் கைப்பட வருத்தம் தெரிவித்து அச்சில் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கடையிலும் குடைக்காரர் விற்காது என்றார்கள். மனைவி சொல்லித் தெரிந்திருப்பார் என்று முதலாளி சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறார். பெண்டாட்டி நம்பிச் சொன்னதைச் சந்தையில் விற்கிறவன் ஒளிந்து பார்க்கிறவனைவிடக் கேவலம் என்றார்களாம். அவர்களுக்கு ஒரு வாரம் தவணை சொல்லிவிட்டு முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வருவார் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். இந்தப் புத்தகத்தை எழுதியது நான், இதற்கு முந்தைய மூன்றும் நான் எழுதியவை, அருவியில் நான் நின்றேன், நான் கண்டதை எழுதினேன், என் கணவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இவ்வளவுதான் கடிதம். கீழே என் பெயரைப் போட்டிருந்தேன். அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று அன்று முதலாளியிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மறுபாதி, அந்தத் தாலி அத்தியாயத்தின் கீழே என் பெயர் ஒரு தடவையாவது அச்சில் வரட்டும் என்ற ஆசை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை.

மத்தியான வேளை. அவரைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்திருந்தேன். கடிதத்தை வாசித்தேன். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்துவிட்டு, அதை எழுதுபலகையில் வைத்து அவர் மடியில் வைத்தேன். நீங்கள் தலையை ஆட்டினால் அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை. இடது கையை நீட்டி என் காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். கடிதத்தைத் திருப்பிப் போட்டார். பலகை நழுவாமல் நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு வாங்கியது. ஒரு தடவை பென்சில் தாளைக் கிழித்தது. நெற்றியில் வேர்வை வழிந்தது, துடைக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார். இரண்டே வார்த்தை எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை, வாசலில் கிடந்த வெயில் படியேறி உள்ளே வந்துவிட்டது.

‘நான் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே ஒரு கோணல் கோடு, அது கையெழுத்து. பிறகு பென்சிலைப் போட்டுவிட்டுப் போதும் என்றார்.

முதலாளி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்ததும் சொன்னார்.

“ஐயா பெரிய மனுஷன், மைனி. ஒங்களச் சந்திக்கு இழுத்துரக் கூடாதுன்னு எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிடுதாங்க. யாரு செய்வா?”

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒளிந்திருந்து பெண்களைப் பார்த்தவன் என்ற பெயரை இந்த மனுஷரால் தாங்க முடிகிறது, பெண்டாட்டி எழுதினாள் என்ற பெயரைத் தாங்க முடியவில்லை என்றுதான் தோன்றியது. என் கடிதத்தின் முதுகில், என் பெயருக்குப் பின்பக்கமே, அதை எழுதிவிட்டார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பேசாமலே ஊட்டினேன், பேசாமலே தைலம் தேய்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் எனக்கே அலுத்துவிட்டது. பேச்சில்லாத வீட்டில் இன்னும் ஒரு பேச்சில்லாதவள் எதற்கு என்று நானே பேசத் தொடங்கினேன். முதலாளி சொன்னதுதான் சரியோ என்று நினைத்த நாட்களும் உண்டு. கேட்டால் போதும் என்பார். அதனால் கேட்கவில்லை.

அட்டைகளை முன்கூட்டியே அடித்துவிட்டதால் அதில் இடமில்லை. வருத்தத்தைத் துண்டுச் சீட்டில் அச்சடித்துப் பத்தொன்பதாவது புத்தகத்தின் உள்ளே ஒட்டினார்கள். பார்த்தது தவறு என்று அதில் நாலு வரி நீட்டி எழுதியது முதலாளி. குமாஸ்தாவுக்குத் திருப்தி. அந்தச் சீட்டைப் பார்ப்பதற்கென்றே புத்தகம் வாங்கியவர்கள் நிறையப் பேர். குடைக்காரருக்கு மவுசு கூடியது. தைலம் தேய்க்கிற ஆள் மட்டும் திரும்பி வரவில்லை.

அந்தச் சீட்டு வந்த வாரம் அருவிக்குப் போனேன். தாலியைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருத்தி, மேலகரம் பக்கத்துக்காரி, முகம் தெரியும், பெயர் தெரியாது, என்னைக் கையைப் பிடித்துத் தண்ணீர் விழாத ஓரத்துக்கு இழுத்தாள். தன் வாயிலிருந்து தாலியை எடுத்துவிட்டு என் காதோரம் குனிந்தாள்.

“அது நீங்க எழுதுனதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும், மைனி. வாசிச்ச அன்னைக்கே தெரியும். அவங்களப் போட்டு ஏசுதாங்களே, பாவம்.”

பெண்கள் யாரும் தங்கள் வீட்டில் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், எழுதியிருப்பது உண்மை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். யார் எழுதியது என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாலி இன்னும் என் பல்லில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நாலு வருஷம் எழுதினேன். எத்தனை புத்தகம் என்று எண்ணவில்லை. குடைக்காரர் கப்பலேறினார், மலையேறினார், குண்டடிபட்டு எழுந்தார். அவரைக் கொன்றுவிடலாமா என்று பலமுறை நினைத்ததுண்டு. ஒருமுறை கொன்றும்விட்டேன். வாசித்துக் காட்டியபோது கட்டிலில் இருந்தவர் கண்ணில் தண்ணீர் வந்தது. தாளைக் கிழித்துவிட்டு, மறுபடி குடைக்காரரை எழுப்பி நடக்க வைத்தேன். அசதி என்றால் உடம்பில் மட்டும் இல்லை. எந்த வாக்கியத்தைத் தொட்டாலும் அதில் ஒரு குடை இருந்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம், சாரல் தொடங்குவதற்கு முன், என் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே போனார். அத்தோடு குடைக்காரரும் நின்றுபோனார். முதலாளி ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் செய்தி போட்டார். கடைசி நாள்வரை எழுதிக்கொண்டே இருந்த மகான் என்று அதில் இருந்தது. கடைசிப் புத்தகத்தின் புரூஃபை, துட்டி கேட்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் அடுக்களையில் இருந்து திருத்திக் கொடுத்தேன்.

ஒரு வருஷம் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அடுத்த சாரலில் ஒரு நாள் விடிந்ததும் அருவிக்குப் போனேன். என்னைப் போன்றவர்கள் கூட்டமில்லாத நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். தண்ணீருக்குள் நுழையும்போது பழக்கத்தில் கை கழுத்துக்குப் போனது. கழுத்தில் ஒன்றும் இல்லை. கடிக்க ஒன்றும் இல்லாமல் அந்தத் தண்ணீருக்குக் கீழே வாயைச் சும்மா வைத்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. எதையாவது சொல்லலாம், யாரும் தடுக்க முடியாது என்று பட்டது. பக்கத்தில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி, புதுத் தாலியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் பக்கம் திரும்பி, அதையெல்லாம் எழுதியது நான்தான் என்று உரக்கச் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொன்னேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவள், நான் இடம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.